டொச்சில வருத்தம் சொல்றது: 'மியர்' எங்க, 'இஹ்' எங்க?

கரடிப்போக்கு பிள்ளை (கேள்வி)

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். கிளிநொச்சியில இருந்து டொச் (ஜேர்மன் மொழி) ஏ2 மட்டம் படிக்கிறன். சோதனை கிட்டுது. உடம்பு, வருத்தம் (நோய்) பாடத்தில சொல்லுகள் எல்லாம் பாடம். வசனமாச் சொல்ல வெளிக்கிட்டாத்தான் சிக்கல். புத்தகத்தின்ர விளக்கம் முழுக்க இங்கிலீஷ்.

ஒண்டு: ஒருக்கா 'இஹ் பின்' (நான் இப்பிடி இருக்கிறன்) வருது, ஒருக்கா 'இஹ் ஹாப' (என்னட்ட இருக்கு), இன்னொருக்கா 'மியர் இஸ்ட்' (எனக்கு இப்பிடி இருக்கு). எதை எப்ப பாவிக்கிறது? 'இஹ் பின் க்ரங்க்' (நான் வருத்தம்) சரியாம், 'இஹ் பின் கல்ட்' (நான் குளிர்) பிழையாம். ரெண்டும் ஒரே அமைப்புத்தானே?

ரெண்டு: தடிமன், சத்தி, நாரிப்பிடிப்பு, கைகால் உளைவு, சீனி வருத்தம், செங்கமாரி, இதுகளுக்கு டொச்சில என்ன? இங்கிலீஷ் வழியாத் தேடினா ஒண்டுக்கு நாலு வருது.

மூண்டு: 'சுகமில்லை, வகுப்புக்கு வரேலாது, வீட்டுவேலையை அனுப்புங்கோ' எண்டு ரீச்சருக்கு மின்னஞ்சல் எழுதிப் பாத்தன். திருத்தி விடுங்கோ:

'ஸேர் கெயேர்ட்ட ஃப்ரவ் ம்யுல்லர், இஹ் பின் ஷ்லெஹ்ட். இஹ் ஹாப ஐன் ஃபீபர் ஃபோர் ட்ரை டாகன் உண்ட் மைன ஹல்ஸ் டூட் வே. இஹ் கன் நிஹ்ட் கொம்மன் மோர்கன். பிட்ட ஷிக்கன் டீ ஹவுஸ்அவுஃப்காபன்.'

டொச்சைத் தமிழ் எழுத்திலயே எழுதுங்கோ. போனில வாசிக்க லேசு.

---

குருமன்காடு ரீச்சர்

பிள்ளை, முதல் கேள்விக்கு இங்கிலீஷை ஓரமா வையுங்கோ. இந்தப் பாடத்தில டொச்சுக்குத் தமிழ்தான் கிட்ட. 'எனக்குக் குளிருது' எண்டுதான் சொல்லுறம். 'நான் குளிர்' எண்டு ஒருத்தரும் சொல்லாயினம். டொச்சுக்காரரும் அப்பிடித்தான்: மியர் இஸ்ட் கல்ட். 'மியர்' எண்டா 'எனக்கு'. உடம்புக்குள்ள தானா வாற உணர்வு எல்லாம் இந்த அச்சுக்குள்ள விழும். மியர் இஸ்ட் ஹைஸ், வெக்கையாக் கிடக்கு. மியர் இஸ்ட் ஷ்விண்டலிஹ், தலை சுத்துது. மியர் இஸ்ட் யூபல், சத்தி வாற மாதிரிக் கிடக்கு. 'மியர் இஸ்ட் ஷ்லெஹ்ட்' எண்டாலும் அதேதான். இங்கிலீஷில யோசிச்சு 'இஹ் பின் ஹைஸ்' எண்டு சொன்னா அது காமப் பேச்சாப் போயிடும். 'இஹ் பின் ஷ்லெஹ்ட்' எண்டா 'நான் கூடாத ஆள்' அல்லது 'எனக்கு இது ஓடாது' எண்ட கருத்து. உங்கட மின்னஞ்சலில முதல் வசனமே அதுதான்.

ஆனா 'எனக்கு' வாற இடமெல்லாம் 'மியர்' எண்டும் போகேலாது. தமிழில 'எனக்குக் காய்ச்சல்' சரி, டொச்சில 'மியர் இஸ்ட் ஃபீபர்' இல்லை. வருத்தத்துக்கு ஒரு பேர் இருந்தா, அதாவது பெயர்ச்சொல் எண்டா, 'இஹ் ஹாப': இஹ் ஹாப ஃபீபர், ஹூஸ்டன் (இருமல்), டுர்ஹ்ஃபல் (வயித்தாலடி), கொப்ஃப்ஷ்மெர்ட்சன் (தலையிடி). இதுகளுக்கு முன்னால 'ஐன்', 'ஐன' ('ஒரு' எண்டது) வராது. எண்ணக்கூடிய வருத்தம் எண்டா வரும்: இஹ் ஹாப ஐன எர்கெல்டுங் (தடிமன்), ஐன அல்லெர்கீ (ஒவ்வாமை).

ஆளின்ர நிலையைச் சொல்ற சொல்லுக்கு 'இஹ் பின்': க்ரங்க் (வருத்தம்), கெஸுண்ட் (சுகம்), ம்யூட (களைப்பு), எர்கெல்டெட் (தடிமன் பிடிச்சிருக்கு), ஃபெர்லெட்ஸ்ட் (காயம்), ஷ்வங்கர் (வயித்தில பிள்ளை), அல்லெர்கிஷ் கேகன் பெனிட்ஸிலீன் (பெனிசிலின் ஒத்துவராது). பிழையில்லாமச் சொல்ல ஒரு சோதனை இருக்கு: 'இண்டைக்கு நான் இன்ன மாதிரி ஆள்' எண்டு சொல்ல ஏலுமெண்டா 'இஹ் பின்'. குளிரும் தலைச்சுத்தும் ஆளின்ர தன்மையில்லை, வந்து போறது. அதால 'மியர்'.

நோவுக்கு வேறொரு அச்சு: 'வே டூன்'. மைன் க்னீ டூட் வே, ஒரு முழங்கால். மைன க்னீ டூன் வே, ரெண்டு முழங்காலும். 'வே' பிரிஞ்சு வசனத்தின்ர கடைசிக்குப் போகும். இதிலயும் 'எனக்கு' போடலாம்: மியர் டூட் டேர் ரியுக்கன் வே. 'எனக்கு நாரி நோகுது' எண்ட ஒழுங்குதான். 'மைன்' (என்ர) தேவையில்லை, ஆரின்ர நாரி எண்டதை 'மியர்' சொல்லிப்போடும்.

இன்னொண்டு. 'மியர் இஸ்ட் ஷ்லெஹ்ட்', 'மியர் கேட் எஸ் ஷ்லெஹ்ட்' ரெண்டையும் கலக்காதேங்கோ. முதலாவது குமட்டல். ரெண்டாவது பொதுவா உடம்பு சரியில்லை. டொக்டரிட்ட முதலாவதைச் சொன்னா அவர் நேர வயித்தைத்தான் பாப்பார்.

'ஸைட்', 'ஃபோர்' சிக்கலும் இங்கிலீஷாலதான் வந்தது. காதுக்கு ஒண்டு மாதிரிக் கேக்கிறதால 'ஃபோர் ட்ரை டாகன்' எண்டு எழுதிப்போட்டியள். அதின்ர கருத்து 'மூண்டு நாளைக்கு முந்தி'. காய்ச்சல் இப்பவும் இருக்கெண்டா 'ஸைட் ட்ரை டாகன்', வினையும் நிகழ்காலத்தில: இஹ் ஹாப ஸைட் ட்ரை டாகன் ஃபீபர். நேற்றோட விட்டுப்போன காய்ச்சலை மட்டும் இறந்தகாலத்தில சொல்லுங்கோ.

மின்னஞ்சலைப் பின்னேரம் திருத்திப் போடுறன்.

---

ஒட்டுசுட்டான் அக்கா

ரீச்சர் இலக்கணத்தைச் சொல்லிட்டா. டொச்லாந்து ஆஸ்பத்திரி வோட்டில நாளாந்தம் பாவிக்கிற சொல்லுகளை நான் எழுதுறன்.

முதல் ஒரு எச்சரிக்கை. 'வருத்தம்' எண்டு தமிழில அடிச்சுப் போனில மொழிபெயர்க்காதேங்கோ. இந்தியத் தமிழில அது கவலை. அதால 'எனக்கு வருத்தம்' எண்டது 'நான் கவலையா இருக்கிறன்' எண்டு டொச்சில வரக்கூடும். 'நோய்' எண்டு அடிச்சாச் சரியா வரும். 'சத்தி', 'தடிமன்' எண்டதுகளையும் அது மாறி விளங்கும்.

தடிமன்: மூக்கு ஓடுறது மட்டும் எண்டா ஷ்னுப்ஃபன். மூக்கு, தொண்டை, இருமல் எல்லாம் சேர்ந்தா எர்கெல்டுங். க்ரிப்ப எண்டது படுக்கையில போடுற இன்புளுவென்சா. சனம் சும்மா தடிமனுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லும், நீங்கள் டொக்டரிட்டச் சொல்லாதேங்கோ.

சத்தி எடுத்தா: இஹ் ஹாப மிஹ் ட்ஸ்வைமால் யூபர்கேபன், ரெண்டு தரம் எடுத்தன். பத்திரத்தில 'எர்ப்ரெஹன்' எண்டு அச்சடிச்சிருக்கும். 'கொட்ஸன்' எண்டும் காதில விழும், அது தெருப்பேச்சு. சத்தியும் வயித்தாலடியும் சேர்ந்து வந்தா 'மாகன்-டர்ம்' எண்டு சுருக்கமாச் சொல்லுவினம். தமிழில எல்லாமே வயிறு. டொச்சில 'பவுஃக்' முழு வயிறு, 'மாகன்' இரைப்பை. மேல்வயித்தில நோ எண்டா மாகன்ஷ்மெர்ட்சன், தொப்புளைச் சுத்தியோ கீழயோ எண்டா பவுஃக்ஷ்மெர்ட்சன். நெஞ்செரிவு ஸோட்ப்ரென்னன். அதையும் நெஞ்சு நோவையும் (ப்ருஸ்ட்ஷ்மெர்ட்சன்) மாறிச் சொன்னா, நெஞ்சு நோ எண்டவுடன ஈசீஜி எடுக்க ஓடுவினம்.

நாரிப்பிடிப்பு குனியேக்க திடீரெண்டு பிடிச்சா ஹெக்ஸன்ஷுஸ். கனநாளா இருக்கிற நாரி நோ, ரியுக்கன்ஷ்மெர்ட்சன். வயசுபோன ஆக்கள் 'க்ரொய்ட்ஸ்' எண்டும் சொல்லுவினம், நாரியைத்தான். கைகால் உளைவு க்லீடர்ஷ்மெர்ட்சன். நடுக்கத்தோட வாற குளிர் ஷ்யுட்டல்ஃப்ரொஸ்ட். பல்லுக்கொதி ட்ஸான்ஷ்மெர்ட்சன். சீனி வருத்தம் டியாபேடஸ், ஆனா ஊர்ச்சனம் எங்களை மாதிரியே 'இஹ் ஹாப ட்ஸுக்கர்', சீனி இருக்கு எண்டுதான் சொல்லும். பிரஷர் ப்லூட்ஹோஃக்ட்ருக். பாரிசவாதம் ஷ்லாக்அன்ஃபல். செங்கமாரி கெல்ப்ஸுஃக்ட், அதைச் சொன்னா எந்த ஹெபடைடிஸ் எண்டு அடுத்த கேள்வி வரும், பழைய கிளினிக் கொப்பியைக் கையோட வைச்சிருக்கிறது நல்லம். கொப்புளிப்பான் விண்ட்பொக்கன். சின்னமுத்து மாஸர்ன்.

சின்னமுத்தை இங்க தனியாச் சொல்ல வேணும். தாதிப் பயிற்சிக்கு வாற ஆக்கள், 1970க்குப் பிறகு பிறந்தவை எண்டா, சின்னமுத்துக்கு எதிரான பாதுகாப்பு இருக்கெண்டு காட்ட வேணும். 2020 மார்ச்சில இருந்து அது சட்டம். ரெண்டு ஊசி போட்டதின்ர பதிவு, இல்லாட்டி ரத்தப் பரிசோதனை. சின்னனில கிளினிக்கில குடுத்த ஊசிக் கார்ட்டைத் தேடி எடுத்து, மொழிபெயர்ப்போட கொண்டு வாங்கோ. ஊசிப் புத்தகத்துக்கு டொச்சில இம்ப்ஃப்பஸ்.

நோ எப்பிடி எண்டு கட்டாயம் கேட்பினம். குத்துறது ஷ்டெஹன்ட், எரியிறது ப்ரென்னன்ட், அமத்துற மாதிரி ட்ரியுக்கன்ட், இழுக்கிற மாதிரி ட்ஸீயன்ட், விண்விண் எண்டு துடிக்கிறது பொஃகன்ட், மந்தமான நோ டும்ப்ஃப், முறுக்கிப் பிடிக்கிறது க்ரம்ப்ஃப்ஆர்டிஹ். எவ்வளவு நோ எண்டு 0 தொடங்கி 10 வரைக்கும் கேட்பினம். 10 எண்டா நினைச்சுப் பாக்கேலாத நோ. எங்கட ஆக்கள் சிலர் மரியாதைக்கு '3' எண்டு சொல்லிப்போட்டுப் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடப்பினம். அந்த எண்ணை வைச்சுத்தான் நோ மருந்தைத் தீர்மானிக்கிறது. உள்ளதைச் சொல்லுங்கோ.

காய்ச்சலை பரனைற்றில சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது. 32ஐக் கழிச்சு 1.8ஆல பிரியுங்கோ: 100.4 எண்டா 38, 102 எண்டா கிட்டத்தட்ட 38.9, 104 எண்டா 40. 38க்குக் கீழ 'எர்ஹ்யோட்ட டெம்பெரடூர்', சூடு கொஞ்சம் கூட. 38இல இருந்துதான் 'ஃபீபர்'. சொல்றது 'அஃக்ட்உன்ட்ட்ரைஸிஹ் கொம்ம ஃப்யுன்ஃப்', அதாவது 38.5. டொச்சில எட்டை முதலும் முப்பதைப் பிறகும் சொல்றதால 38, 83 எண்டு மாறி எழுதிற பிழை கேட்டெழுதேக்க நடக்கும். காய்ச்சலில அது உடன பிடிபடும், மருந்து அளவில பிடிபடாது. அதால மில்லிகிராமை ஒவ்வொரு இலக்கமாத் திருப்பிச் சொல்லிக் கேளுங்கோ. பிரஷரில நடுவில 'ட்ஸூ' வரும்: ஹுண்டர்ட்ட்ஸ்வன்ட்ஸிஹ் ட்ஸூ அஃக்ட்ஸிஹ், 120க்கு 80.

மருந்துத் துண்டில 1-0-1 எண்டு இருந்தா காலமை ஒண்டு, மத்தியானம் இல்லை, பின்னேரம் ஒண்டு. நாலாவது இலக்கம் இருந்தா அது படுக்கப் போகேக்க. 'பை பெடார்ஃப்' எண்டா தேவைப்பட்டா மட்டும். 'ட்ஸெப்ஃப்ஹன்' எண்டு எழுதியிருந்தா அது விழுங்கிற குளிசை இல்லை, பின்பக்கத்தால வைக்கிறது. குழந்தையளின்ர காய்ச்சலுக்கு நிறையக் குடுப்பினம். பெட்டியை உடைக்க முந்தி அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கோ. 'நியுஹ்டர்ன்' வரச் சொன்னா வெறுவயித்தோட வர வேணும், பால் தேத்தண்ணியும் கூடாது. அதே சொல்லுக்கு 'வெறியில்லாம' எண்டும் கருத்து இருக்கு, அகராதியில அதைப் பாத்திட்டுச் சிலர் வடிவாச் சாப்பிட்டிட்டு ரத்தம் குடுக்கப் போறது.

பனடோல் எண்டு கேட்டால் பாமசியில முழிப்பினம். 'பரட்ஸெடமோல்' எண்டு கேளுங்கோ. அதுவும் 'அபோடேக'யில மட்டும்தான், சுப்பர் மார்க்கெட்டில இல்லை. ஒரு பெட்டியில 10 கிராம் வரைக்கும், எண்டா 500 மில்லிகிராம் குளிசை 20, துண்டில்லாம வாங்கலாம். அன்டிபயோட்டிக் துண்டில்லாம ஒரு இடத்திலயும் இல்லை.

---

பரந்தன் சந்தி

சூரிச்சில இருந்து ஒரு குறுக்குப் பேச்சு. சுவிஸ் சொந்தக்காரரிட்டக் கேட்டுப் படிக்கிற ஆக்கள் கவனம். இஞ்ச ஆஸ்பத்திரி 'ஷ்பிடால்', டொச்லாந்தில 'க்ரங்கன்ஹவுஸ்'. டொக்டர் குடுக்கிற லீவுக் கடிதம் இஞ்ச 'ஆர்ட்ஸ்ட்ட்ஸொய்க்னிஸ்', அங்க 'ஆ-ஊ'. அம்புலன்ஸ் இஞ்ச 144, அங்க 112. சுவிஸ்காரர் 'எனக்குக் குளிருது' எண்டதுக்கு 'இஹ் ஹா கால்ட்' எண்டுவினம். அதைச் சோதனையில சொன்னாப் புள்ளி போகும். ரீச்சர் சொன்ன 'மியர் இஸ்ட் கல்ட்' எல்லா இடமும் செல்லும்.

டொக்டருக்கு ரெலிபோன் எடுக்கிறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஊரில மாதிரி காய்ச்சலுக்கு நேர பெரியாஸ்பத்திரிக்குப் போறேல்லை. முதல் 'ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்', குடும்ப டொக்டர். அவரின்ர இடம் 'ப்ரக்ஸிஸ்'. புது ஆக்களை எடுக்காத ப்ரக்ஸிஸ் கனக்க, அதால முதல் கேள்வி: 'நேமன் ஸீ நொய பட்ஸியென்டன் அவுஃப்?' ஓமெண்டா 'இஹ் ப்ரவுஹ ஐனன் டெர்மீன்', டொக்டரைப் பாக்க நேரம் ஒண்டு வேணும். அவசரம் எண்டா 'எஸ் இஸ்ட் ட்ரிங்கன்ட்'. உடன பேரையும் பிறந்த திகதியையும் கேட்பினம், பேரை எழுத்தெழுத்தாச் சொல்லச் சொல்லுவினம். எங்கட நீட்டுப் பேருகள் சறுக்கிறது இங்கதான். இங்கிலீஷில 'ஈ' எண்டு உச்சரிக்கிற எழுத்து டொச்சில 'ஏ'. இங்கிலீஷ் 'ஐ' டொச்சில 'ஈ'. இங்கிலீஷ் 'ஏ' டொச்சில 'ஆ'. மூண்டும் சுத்திச் சுத்தி மாறுறதால காதுக்குச் சரியாக் கேட்டுப் பிழையா எழுதுப்படும். 'விக்னேஸ்' எண்ட பேரின்ர முதலெழுத்து 'ஃபவ்'. 'வே' எண்டு சொன்னா அடுத்த எழுத்தைப் போடுவினம். 'யோகன்' எண்டதின்ர முதலெழுத்து 'யுப்ஸிலொன்', இங்கிலீஷ் 'ஜே' 'யொட்'. காப்புறுதிக் கார்ட்டில ஒரு பேர், ப்ரக்ஸிஸில இன்னொரு பேர் எண்டா மருந்துத் துண்டு இழுபடும்.

---

மாங்குளம் 229

வேலைக்கு அல்லது பயிற்சிக்குப் போறவைக்கு ரெண்டு சொல்லு வாழ்நாளுக்கும் வேணும். 'ஸிஹ் க்ரங்க்மெல்டன்': நீங்களே வேலையிடத்துக்கு அறிவிக்கிறது. 'க்ரங்க்கெஷ்ரீபன்': டொக்டர் எழுதித் தாறது. டொக்டர் எழுதினாலும் அறிவிக்கிற பொறுப்பு உங்களுக்குத்தான், அதுவும் வேலை தொடங்க முந்தி. 'இஹ் ம்யொஹ்ட மிஹ் க்ரங்க்மெல்டன். இஹ் பின் ஃபொரவுஸ்ஸிஹ்ட்லிஹ் பிஸ் மிட்வொஹ் க்ரங்க்', புதன்வரைக்கும் எண்டு நினைக்கிறன். என்ன வருத்தம் எண்டு மேலதிகாரிக்குச் சொல்லத் தேவையில்லை. கேட்டாலும் எத்தினை நாள் எண்டதை மட்டும் சொல்லலாம்.

மூண்டு நாளுக்கு மேல போனாத்தான் சட்டப்படி டொக்டரின்ர அத்தாட்சி, ஆனா அந்த மூண்டும் நாட்காட்டி நாள். வெள்ளிக்கிழமை வருத்தத்தில விழுந்தா வெள்ளி, சனி, ஞாயிறு எண்டு மூண்டு முடிஞ்சுது, திங்களுக்கு அத்தாட்சி வேணும். இதில கனபேர் பிழை விடுறது சனி, ஞாயிறை விட்டிட்டு எண்ணிறதால. ஒப்பந்தத்தில முதல் நாளே வேணும் எண்டு போட்டிருந்தா முதல் நாளே. பேர் நீளம்: 'ஆர்பைட்ஸ்-உன்ஃபேயிஹ்கைட்ஸ்-பெஷைனிகுங்'. ஒருத்தரும் முழுசாச் சொல்லாயினம், 'ஆ-ஊ' தான். அரச காப்புறுதி ஆக்களுக்கு 2023இல இருந்து மஞ்சள் கடுதாசி இல்லை, ப்ரக்ஸிஸ் க்ரங்கன்கஸவுக்கு (மருத்துவக் காப்புறுதி நிறுவனம்) அனுப்ப, வேலையிடம் அங்க இருந்து எடுக்கும். சம்பளம் 6 கிழமைக்கு முழுசா வரும். வேலைக்குச் சேர்ந்து முதல் 4 கிழமைக்குள்ள விழுந்தா வேலையிடம் தராது, க்ரங்கன்கஸதான்.

'க்ரங்க்ஃபையர்ன்' எண்டு ஒரு சொல் காதில விழும். சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வீட்டில உல்லாசமா இருக்கிறது. அதை வேலையிடத்துத் தகவலில எழுதிப்போடாதேங்கோ!

---

நட்டாங்கண்டல்

ஒட்டுசுட்டான் அக்காவுக்கு ஒரு கேள்வி. உடம்பில ஷெல் பீஸ் உள்ள ஆக்கள் அங்க டொக்டரிட்ட எப்பிடிச் சொல்ல வேணும்? கேளாட்டியும் சொல்ல வேணுமோ?

---

ஒட்டுசுட்டான் அக்கா

கேளாட்டியும் சொல்லுங்கோ தம்பி. முக்கியமா 'எம்-எர்-டே' எடுக்க முந்தி, இங்கிலீஷில எம்.ஆர்.ஐ எண்டு சொல்றது. அது பெரிய காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம், படத்தையும் குழப்பும். கண்ணுக்குப் பக்கத்தில, முள்ளந்தண்டு, பெரிய நரம்பு, ரத்தக் குழாய்க்குக் கிட்ட எண்டா ஆபத்துக் கூட. எடுக்க முந்தித் தாற பத்திரத்தில 'மெடல்டைல இம் க்யோர்பர்' எண்டு ஒரு கேள்வி இருக்கும், உடம்பில உலோகம் இருக்கோ எண்டது. விளங்காம 'நைன்' எண்டதில புள்ளடி போடுறதுதான் நடக்கிற பிழை. 'யா' போட்டு, வசனமாச் சொல்லுங்கோ: 'இஹ் ஹாப க்ரனாட்ஷ்ப்லிட்டர் இம் லிங்கன் பைன்', இடது காலில ஷெல் துண்டு இருக்கு. கை எண்டா 'இம் ஆர்ம்', தலை எண்டா 'இம் கொப்ஃப்', முதுகு எண்டா 'இம் ரியுக்கன்'. பழைய எக்ஸ்ரே, அதாவது 'ரியோன்ட்கன்பில்ட்', இருந்தாக் கொண்டு போங்கோ. எத்தினை துண்டு, எங்க எண்டு அதில தெரியும். இல்லாட்டி முதல் எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லிக் கேட்கலாம். காயம் பட்ட வருசத்தையும் கேட்பினம், 'ஸைட் 2009' எண்டா காணும். எப்பிடிப் பட்டது எண்டு முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை, 'க்ரீக்ஸ்ஃபெர்லெட்ஸுங்', யுத்தக் காயம் எண்டா விளங்கும். பொய்க்கால் 'ப்ரொடேஸ'.

இதோட இன்னொண்டு. ஊருக்கு வந்து போய்க் காய்ச்சல் வந்தா, அங்கத்தைய டொக்டருக்கு டெங்கும் எலிக்காய்ச்சலும் உடன நினைவுக்கு வராது. அங்க அது அருமை. காய்ச்சல் எண்டதுக்கு முந்தி இதைச் சொல்லுங்கோ: 'இஹ் வார் பிஸ் லெட்ஸ்ட்ட வொஹ இன் ஸ்ரீ லங்கா', போன கிழமைவரை இலங்கையில நிண்டனான். வயலுக்க, வாய்க்காலுக்க இறங்கினதெண்டா அதையும் சொல்லுங்கோ, எலிக்காய்ச்சல் ('லெப்டோஸ்பிரோஸ') எலி மூத்திரம் கலந்த தண்ணி காயத்துக்குள்ள போய் வாறது. டெங்கு எண்டு சந்தேகம் இருந்தா 'ஃபெர்டஃக்ட் அவுஃப் டெங்கே'. ரத்தச் சோதனை வாறவரைக்கும் அஸ்பிரின், இபுப்ரோஃபேன் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும். அங்க அது ரெண்டும் துண்டில்லாம வாங்கலாம் எண்டபடியால கவனம்.

மூச்சு எடுக்கேலாம, மயக்கத்தில, நெஞ்சு நோவில எண்டா யோசியாம 112. 'மைன் ஃபாட்டர் பெகொம்ட் கைன லுஃப்ட்', அப்பாவுக்கு மூச்சு வரேல்லை. 'எர் இஸ்ட் பெவுஸ்ட்லோஸ்', நினைவில்லை. விலாசத்தை முதல் சொல்லுங்கோ. இணைப்பு அறுந்தாலும் வண்டி வரும். அவை வைக்கும்வரை நீங்கள் வைக்கக்கூடாது. இரவில, சனி ஞாயிறில உயிர் ஆபத்தில்லாத வருத்தம் எண்டா 116117.

---

குருமன்காடு ரீச்சர்

பிள்ளை, மின்னஞ்சல். ஏ2 எழுத்தில ரெண்டாவது பகுதி 30 தொடக்கம் 40 சொல்லு. மூண்டு குறிப்புத் தருவினம், மூண்டுக்கும் பதில் வேணும். ஒண்டை விட்டாலும் வடிவான டொச் காப்பாத்தாது. உங்கட எழுத்தில இருந்த பிழையளை ஒழுங்காப் பாப்பம்.

'இஹ் பின் ஷ்லெஹ்ட்' மேல சொல்லியாச்சு. 'ஐன் ஃபீபர்' இல்லை, 'ஃபீபர்'. 'ஃபோர்' இல்லை, 'ஸைட்'. 'மைன ஹல்ஸ்' இல்லை, ஹல்ஸ் (தொண்டை) ஆண்பால் எண்டபடியால 'மைன் ஹல்ஸ்'. 'மோர்கன்' (நாளைக்கு) கடைசியில வராது: 'இஹ் கன் மோர்கன் நிஹ்ட் கொம்மன்'. 'பிட்ட ஷிக்கன்' எண்டா ஆர் அனுப்பிறது? 'ஸீ' (நீங்கள்) இல்லாட்டி அரைவசனம், அதோட கட்டளை மாதிரியும் கிடக்கும். ரீச்சருக்கு எழுதேக்க கேள்வியாக் கேட்டா மரியாதை. ஏ2வுக்கு 'வைல்' (ஏனெண்டா) போட்டு ஒரு வசனம் இணைச்சுக் காட்டுங்கோ, வினை கடைசிக்குப் போக வேணும்:

'ஸேர் கெயேர்ட்ட ஃப்ரவ் ம்யுல்லர், லைடர் கன் இஹ் மோர்கன் நிஹ்ட் ட்ஸும் குர்ஸ் கொம்மன், வைல் இஹ் க்ரங்க் பின். இஹ் ஹாப ஸைட் கெஸ்டர்ன் ஃபீபர் உண்ட் மைன் ஹல்ஸ் டூட் வே. இஹ் ஸொல் பிஸ் ஃப்ரைடாக் இம் பெட் ப்லைபன். க்யொன்னன் ஸீ மியர் பிட்ட டீ ஹவுஸ்அவுஃப்காபன் ஷிக்கன்? மிட் ஃப்ரொய்ன்ட்லிஹன் க்ரியூஸன்'

விளிப்பையும் முடிவையும் விட்டா 36 சொல்லு. கீழ உங்கட பேர் போட மறக்காதேங்கோ.

---

கரடிப்போக்கு பிள்ளை

எல்லாருக்கும் கனக்க நன்றி. ரீச்சர், 'இஹ் ஸொல்' எண்டு போட்டிருக்கிறியள். 'இஹ் முஸ்' (நான் கட்டாயம் செய்ய வேணும்) எண்டா பிழையோ? அதோட 'வஸ் ஃபேல்ட் ஈனன்?' எண்டு டொக்டர் கேட்டா என்ன பதில்?

---

குருமன்காடு ரீச்சர்

'முஸ்' பிழையில்லை. ஆனா 'ஸொல்' எண்டா இன்னொருத்தர், இங்க டொக்டர், சொன்னதால செய்யிறன் எண்டு உள்ளுக்குள்ளயே இருக்கும். 'டொக்டர் சொன்னவர்' எண்டு தனி வசனம் எழுதத் தேவையில்லை, 4, 5 சொல்லு மிச்சம். வாய்மொழியிலயும் உதவும்: 'இஹ் ஸொல் ஃபீல் ட்ரிங்கன்', நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னவை.

'வஸ் ஃபேல்ட் ஈனன்' எண்டதை எழுத்துக்கு எழுத்து எடுத்தா 'உங்களுக்கு என்ன குறை' எண்டு வரும். குறையளின்ர பட்டியலை அவிழ்க்கவேண்டாம், 'என்ன செய்யுது' எண்டுதான் கேக்கிறார். இஹ் ஹாப, மியர் இஸ்ட், டூட் வே, இந்த மூண்டில ஒண்டால தொடங்கி, பிறகு 'ஸைட்' போட்டு நாளைச் சொல்லுங்கோ. 'மஃகன் ஸீ ஸிஹ் பிட்ட ஓபன் ஃப்ரை' எண்டா மேல்சட்டையைக் கழட்டச் சொல்லுறார். 'டீஃப் ஐன்ஆட்மன்' மூச்சை இழுங்கோ, 'அவுஸ்ஆட்மன்' விடுங்கோ. வெளிக்கிடேக்க 'கூட்ட பெஸ்ஸருங்' எண்டுவார், கெதியில சுகம் வரட்டும் எண்டு. அதுக்கு 'டங்க' மட்டும் காணும். பழக்கத்தில 'க்ளைஹ்ஃபல்ஸ்', உங்களுக்கும் அப்பிடியே, எண்டு சொல்லிப்போடாதேங்கோ, அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.